யார் பரீட்சை வைக்கிறார்கள் என்று கேள்

சான்றிதழ் என்றால் என்னவென்று நம் ஜனங்களுக்கு யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை. தாலுகா ஆபீஸ் திண்ணையில் உட்கார்ந்து உட்கார்ந்தே நம் அப்பன் ஆத்தாளுக்கு வேட்டி சேலை தேய்ந்துபோனது. அப்படி வாங்கிய சாதிச் சான்றிதழுக்குக் காலாவதி கிடையாது. செத்த பிறகும் எந்தச் சுடுகாடு என்று சொல்ல அது கூடவே வரும். இப்போது நம் பிள்ளைகள் இன்னொரு சான்றிதழைத் தேடி அலைகிறார்கள். கம்ப்யூட்டர் கம்பெனிகள் தரும் சான்றிதழ். இதில் பலவற்றுக்கு மூன்று வருஷம்தான் ஆயுள். அதற்குள் மறுபடி பரீட்சை எழுத வேண்டும், அல்லது மேற்கொண்டு படித்ததாகக் கணக்குக் காட்ட வேண்டும். முதல் சான்றிதழைப் பிறப்பால் தருகிறார்கள். இரண்டாவதை விலைக்குத் தருகிறார்கள். விலைக்கு வாங்குகிற பொருள் என்றால் பேரம் பேசத் தெரிந்திருக்க வேண்டும். அதை எழுதத்தான், இந்த இதழில் கவிதைக்கு எனக்கு ஒதுக்கும் பக்கங்களை இந்தத் தடவை கட்டுரைக்குக் கேட்டு வாங்கியிருக்கிறேன்.

தோழர்கள் சிலர் முகம் சுளிப்பார்கள் என்று தெரியும். மென்பொருள் கம்பெனி என்பது பன்னாட்டு மூலதனத்தின் கூலிக்கொட்டடி, ராத்திரியெல்லாம் கண்விழித்து வெள்ளைக்காரனுக்கு வேலை பார்க்க நம் பிள்ளைகளைப் பிடித்துக் கொடுக்கச் சொல்கிறாயா என்பார்கள். நான் வங்கி எழுத்தர். இட ஒதுக்கீட்டில் பரீட்சை எழுதி உள்ளே வந்தவன். மாதம் பிறந்தால் எனக்குச் சம்பளம் வருகிறது. அந்த நாற்காலியில் உட்கார்ந்துகொண்டு, ஜவுளிக்கடையில் காலையிலிருந்து ராத்திரி வரை நிற்கிற தங்கச்சியிடம் "நீ மூலதனத்துக்கு அடிமையாகாதே, அங்கேயே நில்லு" என்று சொல்ல எனக்கு வாய் வராது. சாதி நம்மை வேலையால் மட்டும் பிரிக்கவில்லை, வேலை மாறுகிற உரிமையையே பறித்து வைத்திருக்கிறது என்பதை அண்ணல் அம்பேத்கர் 1936லேயே விளக்கிவிட்டார். ஆகவே ஒரு தலித் பிள்ளை வேலை மாறுவது வெறும் பிழைப்புச் சமாச்சாரம் அல்ல, அரசியல் சமாச்சாரம். போகலாமா வேண்டாமா என்பது என் கேள்வி இல்லை. போகிறவள் ஏமாறாமல் போக என்ன வழி என்பதே கேள்வி.

எங்கள் தெருவில் ஒரு தங்கச்சி, பி.ஏ. வரலாறு முடித்தவள். அவள் அம்மா தோட்டையும் சங்கிலியையும் கைக்குட்டையில் முடிந்துகொண்டு நகைக்கடன் கவுன்டருக்கு வந்து நின்றது. என்னம்மா அவசரம் என்றால், பாப்பாவை கம்ப்யூட்டர் கோர்ஸ் சேர்க்கணும் என்றது. அன்று சாயங்காலம் அந்தப் பிள்ளையைக் கூப்பிட்டுக் கேட்டேன்.

"அண்ணே, நாளைக்குள்ள கட்டுனா பத்தாயிரம் தள்ளுபடியாம். அறுபதாயிரம்தான். நூறு சதவீதம் வேலை உறுதின்னு போர்டுலயே போட்டிருக்காங்க."

"என்ன வேலைம்மா?"

"ஐ.டி. வேலைண்ணே."

"ஐ.டி.ல என்ன வேலை?"

அதற்கு அவளிடம் பதில் இல்லை. அது அவள் குற்றம் இல்லை. கோர்ஸ் விற்கிறவர்கள் அந்தக் கேள்வி எழாதபடிதான் பேசுகிறார்கள். வைத்தியத்துக்குப் போகிறவனிடம் என்ன நோய் என்று கேட்காமலே மருந்தைக் கட்டிக்கொடுக்கிற மாதிரி.

இந்த வியாபாரத்தில் மூன்று தனித்தனிச் சங்கதிகள் இருக்கின்றன. பாடம் ஒன்று, பரீட்சை ஒன்று, வேலை ஒன்று. மூன்றையும் ஒரே பொட்டலமாகக் கட்டி ஒரே விலை சொல்வதில்தான் ஏமாற்று தொடங்குகிறது. பொட்டலத்தைப் பிரித்துப் பார்ப்போம்.

முதலில் பரீட்சை. சிஸ்கோ கம்பெனி சி.சி.என்.ஏ. என்று ஒரு சான்றிதழ் தருகிறது. கம்ப்யூட்டர்களை ஒன்றோடொன்று இணைக்கிற நெட்வொர்க் வேலைக்கு அது நுழைவாயில். 2020 பிப்ரவரியிலிருந்து அது ஒரே பரீட்சை, இரண்டு மணி நேரம், கட்டணம் 300 டாலர். வரியோடு சேர்த்தால் இருபத்தையாயிரம் ரூபாய்க்கு மேல் வரும். காம்டியா என்ற அமைப்பின் ஏ பிளஸ் சான்றிதழ் 1993லிருந்து இருக்கிறது. கம்ப்யூட்டர் பழுது பார்ப்பது, ஆபீஸில் ஒருவருக்குக் கணினி வேலை செய்யவில்லை என்றால் சரிசெய்து கொடுப்பது போன்ற உதவி வேலைகளுக்கானது. அதற்கு இரண்டு பரீட்சை, இரண்டுக்கும் தனித்தனியே பணம். ரெட் ஹேட் நிறுவனத்தின் ஆர்.எச்.சி.எஸ்.ஏ. லினக்ஸ் இயக்குகிறவர்களுக்கானது. அதில் நாலு விடையில் ஒன்றை டிக் அடிக்கிற கதையே இல்லை. ஓடுகிற இயந்திரத்தை முன்னால் வைத்து, இதைச் செய், அதைச் சரிசெய் என்பார்கள். 300க்கு 210 வாங்கினால் தேர்ச்சி. அமேசானின் கிளவுட் பிராக்டிஷனர் அடிப்படைச் சான்றிதழ், 100 டாலர். இந்த நாலும் மூன்று வருஷத்துக்குச் செல்லும். மைக்ரோசாஃப்டில் அடிப்படைச் சான்றிதழ்களுக்குக் காலாவதி இல்லை. அதற்கு மேலே உள்ள பலவற்றை வருஷா வருஷம் புதுப்பிக்க வேண்டும், அந்தப் புதுப்பித்தல் இலவசம்.

இதையெல்லாம் ஏன் வரிசையாகச் சொல்கிறேன்? இந்தப் பரீட்சைகளை எழுத எந்தப் பயிற்சி மையத்திலும் சேர்ந்திருக்க வேண்டும் என்று விதி கிடையாது. வீட்டில் படித்துவிட்டு நேரே போய்ப் பணம் கட்டி எழுதலாம். பாடத்திட்டத்தை அந்தந்தக் கம்பெனியே தன் தளத்தில் இலவசமாகப் போட்டு வைத்திருக்கிறது. பஸ் ஸ்டாண்டு எதிரே மாடியில் இருக்கும் மையம் தருவது அதனுடைய சொந்தச் சான்றிதழ், அதாவது இங்கே வந்து உட்கார்ந்தார் என்ற ரசீது. அது வேறு, இது வேறு. "சர்வதேசச் சான்றிதழ்" என்று அட்டையில் போட்டிருந்தால், பரீட்சை வைப்பது யார், அந்தக் கட்டணம் இந்த அறுபதாயிரத்துக்குள் அடக்கமா, எழுத்தில் தருவீர்களா என்று கேட்க வேண்டும். கேட்டவுடனே முகம் மாறினால் படியிறங்கி வந்துவிடலாம்.

அடுத்தது பாடம். பாடத்துக்குப் பணம் கட்டவே கூடாது என்று நான் சொல்லவில்லை. பள்ளிக்கூடத்தில் கம்ப்யூட்டர் அறையைப் பூட்டியே வைத்திருந்த ஊர்களிலிருந்து வருகிற பிள்ளைகளுக்குக் கூட உட்கார்ந்து சொல்லித்தர ஒரு ஆள் வேண்டும். பரீட்சையும் இங்கிலீஷில்தான். ஆனால் முதல் மூன்று மாசத்தை இலவசமாகப் படித்துப் பார்த்துவிட்டு, இது நமக்கு ஒத்துவருகிறதா என்று தெரிந்த பிறகு பணத்தை எடுக்கலாம். சிஸ்கோவின் நெட்வொர்க்கிங் அகாடமியில் அடிப்படைப் பாடங்கள் இலவசம். பேக்கட் டிரேசர் என்ற மென்பொருளும் இலவசம். ஒரு ரூபாய்க்குக் கருவி வாங்காமல் கம்ப்யூட்டர் திரையிலேயே ஒரு ஆபீஸ் முழுக்க வலைப்பின்னல் போட்டுப் பார்க்கலாம். லினக்ஸ் பிறந்ததிலிருந்தே இலவசம். 2011லிருந்து அரசு கொடுத்த பழைய லேப்டாப் மூலையில் தூசி படிந்து கிடந்தால், எடை குறைந்த லினக்ஸ் ஒன்றை அதில் ஏற்றிக் கற்றுக்கொள்ளலாம். மைக்ரோசாஃப்ட் லேர்ன் பாடங்களுக்குக் காசில்லை. ஐ.ஐ.டி.க்களின் என்.பி.டி.இ.எல். பாடங்களைச் சும்மா படிக்கலாம், சான்றிதழ் வேண்டுமென்றால் மட்டும் பரீட்சைக் கட்டணம். ஐ.ஐ.டி.யின் கேட்டுக்குள் நம்மை விடுகிறார்களோ இல்லையோ, அங்கே நடக்கும் பாடம் நம் செல்போனுக்குள் வருகிறது. இதையாவது விடாமல் பிடித்துக்கொள்ள வேண்டும்.

அரசு வாசல்களும் உண்டு. தாட்கோ மூலம் பட்டியல் சாதி, பழங்குடி இளைஞர்களுக்கு இலவசத் திறன் பயிற்சிகள் நடக்கின்றன. 2022 மார்ச்சில் தொடங்கிய நான் முதல்வன் திட்டம் இருக்கிறது. மத்திய அரசின் நைலிட் நிறுவனம், முன்பு டோயெக் என்று பெயர், நடத்தும் ஓ லெவல் படிப்பு இருக்கிறது. பட்டியல் சாதி, பழங்குடியினருக்கான தேசிய வேலைவாய்ப்புச் சேவை மையங்கள் வழியாக அதே ஓ லெவலை இலவசமாகவும் உதவித்தொகையோடும் படிக்க வழி செய்திருக்கிறார்கள். நம் பேரில் ஒதுக்குகிற பணம் நம்மிடம் வராமலே திரும்பிப் போகிற கதை நமக்குப் புதிதில்லை. அறிவிப்பு வந்த அன்றே தெரிந்துகொண்டு மனுப்போட வேண்டும். போர்டில் ஒட்டவில்லை என்றால் ஏன் ஒட்டவில்லை என்று கூட்டமாகப் போய்க் கேட்க வேண்டும்.

மூன்றாவது வேலை. "நூறு சதவீத வேலை உறுதி" என்று போர்டு எழுதுகிறவனுக்கு வேலை கொடுக்கிற அதிகாரம் கிடையாது. 2025 ஜூலையில் டி.சி.எஸ். மாதிரி ஒரு ராட்சதக் கம்பெனியே சுமார் 12,000 பேரைக் குறைக்கப் போவதாக அறிவித்தது. உள்ளே இருக்கிறவனுக்கே உறுதியில்லாத இடத்தில் வெளியே கோர்ஸ் விற்கிறவன் உறுதி தருகிறான் என்றால், அவன் வியாபாரியா சாமியாரா? கோர்ஸில் சேருவதற்கு முன்னால் பத்து வேலை விளம்பரத்தை எடுத்து வைத்துப் படியுங்கள். உங்கள் படிப்புக்கு, புதிதாக வருகிறவர்களுக்கு என்று வருகிற விளம்பரங்கள். அதில் எந்தச் சான்றிதழின் பெயர் திரும்பத் திரும்ப வருகிறதோ அதைக் குறித்துக்கொள்ளுங்கள். ஒன்றுகூட வரவில்லை என்றால் அந்தக் கோர்ஸ் எதற்கு? செயற்கை நுண்ணறிவு, தரவு அறிவியல் என்று ஆறு மாசத்தில் ஆகாயத்துக்கு ஏற்றுகிறேன் என்பவனிடம் பி.ஏ. படித்த பிள்ளை முதலிலேயே போய் விழ வேண்டாம். உதவி வேலையிலோ நெட்வொர்க்கிலோ ஒரு கால் வைக்க இடம் கிடைத்தால், அங்கிருந்து மேலே ஏறலாம். ஒரே சான்றிதழ், அதை ஒழுங்காக. ஐந்து சான்றிதழை மாலையாகக் கோத்துக் கழுத்தில் போட்டுக்கொண்டு ஒன்றிலும் கை பழகாமல் நிற்பதில் பயனில்லை.

இனி பணம். இது என் தொழில் என்பதால் கொஞ்சம் நிறுத்திச் சொல்கிறேன். மையத்திலேயே மேசை போட்டு ஒருத்தர் உட்கார்ந்திருப்பார். கையில பணம் இல்லியா, பரவால்ல, மாசம் 5,500, பன்னிரண்டு மாசம், பத்து சதவீத வட்டிதான் என்பார். அறுபதாயிரத்துக்கு அறுபத்தாறாயிரம், சரிதானே என்று நமக்கும் தோன்றும். ஆனால் மாசா மாசம் அசலும் கழிந்துகொண்டே வருகிறது. குறைகிற அசலுக்குக் கணக்குப் போட்டுப் பார்த்தால் அது வருஷத்துக்குப் பதினெட்டு சதவீத வட்டி. ரிசர்வ் வங்கி விதிப்படி கடன் கொடுக்கிறவர்கள் முக்கிய விவரத் தாள் ஒன்றைத் தர வேண்டும், அதில் உண்மையான வருடாந்தர வட்டி எழுதியிருக்க வேண்டும். செல்போனில் எடுத்த கடன் என்றால் குறிப்பிட்ட நாளுக்குள் அசலையும் அதுவரைக்குமான வட்டியையும் கட்டி அபராதமில்லாமல் விலகிக்கொள்ளும் உரிமையும் உண்டு. இதையெல்லாம் மேசைக்காரர் சொல்ல மாட்டார். கோர்ஸ் பிடிக்காமல் நடுவில் நின்றாலும் கடன் நிற்காது, ஏனென்றால் பணம் மையத்துக்குப் போய்விட்டது, கடன்காரி நீதான். தவணை தவறினால் கடன் வரலாற்றில் கறை விழும். வங்கி வேலைக்குச் சேரும்போதும் அந்த வரலாற்றைப் பார்க்கிறார்கள் என்பதை வங்கிப் பரீட்சைக்கும் படிக்கிற பிள்ளைகள் மறக்க வேண்டாம்.

கடன்தான் வழியென்றால் முதலில் வங்கிக்கு வந்து கேளுங்கள். திறன் கடன் என்று ஒரு திட்டம் 2015லிருந்து இருக்கிறது. 2024 ஜூலையில் அதன் உச்சவரம்பை ஒன்றரை லட்சத்திலிருந்து ஏழரை லட்சமாக உயர்த்தினார்கள். அங்கீகரித்த பயிற்சிகளுக்குத்தான் அது கிடைக்கும். மாடிப்படி மையத்துக்குக் கிடைக்காது. அந்தக் "கிடைக்காது" என்ற சொல்லே உங்களுக்கு ஒரு தகவல். கல்லூரிப் படிப்புக்கு உதவித்தொகை வாங்கி வந்தவர்கள் நாம். அதே அரசு உதவித்தொகை, இட ஒதுக்கீடு, கட்டணக் கட்டுப்பாடு எதுவுமே எட்டாத இடத்தில் இந்தக் கடைகளைத் திறந்து வைத்திருக்கிறார்கள். படிப்பை நம் கைக்கு எட்டாத விலைக்கு ஏற்றிவிட்டு, பிறகு "தகுதி, திறமை" என்று வியாக்கியானம் பேசுவது 1990இல் மண்டலுக்கு எதிராகத் தெருவில் இறங்கியவர்களின் அதே பேச்சுதான். இப்போது தெருவில் இறங்காமல் விலைப்பட்டியலில் எழுதுகிறார்கள்.

இன்னொரு விஷயம். சில மையங்களில் பரீட்சைக் கேள்விகளையே திருடித் தொகுத்து "டம்ப்" என்று தருவார்கள். மனப்பாடம் பண்ணிப் போய் எழுது, பாஸ் என்பார்கள். கண்டுபிடித்தால் சான்றிதழை ரத்து செய்வார்கள், இனி எழுதவும் தடை போடுவார்கள். அதைவிட முக்கியம் ஒன்று உண்டு. நேர்முகத்தில் எதிரே இருப்பவன், இவனுக்கு எங்கேயிருந்து வந்தது இது என்று ஏற்கனவே சந்தேகத்தோடு உட்கார்ந்திருக்கிறான். வேறு யாராவது தடுமாறினால் பதற்றம் என்பான். நம் பிள்ளை தடுமாறினால் தகுதியில்லை என்பான். ஆகவே நமக்குக் குறுக்குவழி கட்டுப்படியாகாது.

சரி, எல்லாம் ஒழுங்காகப் படித்து, சான்றிதழ் வாங்கிவிட்டால் சாதி விட்டுவிடுமா? விடாது. 2007இல் சுகதேவ் தோரட்டும் பால் அட்வெல்லும் ஓர் ஆய்வு வெளியிட்டார்கள். தனியார் கம்பெனி விளம்பரங்களுக்கு ஒரே படிப்பு, ஒரே தகுதி, பெயர் மட்டும் வேறு என்று விண்ணப்பங்களை அனுப்பிப் பார்த்தார்கள். தலித் பெயருக்கு அழைப்பு வரும் வாய்ப்பு, உயர்சாதிப் பெயருக்கு வருவதில் ஏறத்தாழ மூன்றில் இரண்டு பங்குதான் இருந்தது. நம் தமிழ்நாட்டில் பெயருக்குப் பின்னால் சாதி இல்லையே என்று பீற்றிக்கொள்கிறோம். இங்கே பெயரைக் கேட்க மாட்டார்கள். சொந்த ஊர் எது, ஊரில் எந்தப் பக்கம், அப்பா என்ன பண்றார் என்று அன்பாகக் கேட்பார்கள். மேலே சொன்ன சிஸ்கோ கம்பெனி மீதே, அங்கே ஒரு தலித் பொறியாளரிடம் உயர்சாதி மேலாளர்கள் பாகுபாடு காட்டினார்கள் என்று 2020 ஜூனில் கலிபோர்னியா அரசுத் துறை வழக்குப் போட்டது. கம்பெனி குற்றச்சாட்டை மறுத்தது. 2023 ஏப்ரலில் மேலாளர்கள் மீதான வழக்கைத் துறை திரும்பப் பெற்றுக்கொண்டு, கம்பெனி மீதானதை மட்டும் தொடர்ந்தது. தீர்ப்பு எப்படிப் போனாலும், கடல் தாண்டிய கம்ப்யூட்டர் அறைக்குள்ளும் சாதி என்ற சொல் நீதிமன்றப் பத்திரத்தில் ஏறியது. 2023 பிப்ரவரியில் சியாட்டில் நகரம் சாதிப் பாகுபாட்டைத் தடைசெய்து சட்டமே போட்டது.

அப்படியிருந்தும் ஏன் சான்றிதழ் என்கிறேன்? இந்தச் சுற்று முழுவதிலும் நம் தெருப் பெயர் தெரியாத ஒரே ஆள் அந்தப் பரீட்சை இயந்திரம்தான். மற்ற எல்லா வாசலிலும் மனிதர்கள் நிற்கிறார்கள், மனிதர்களுக்குச் சாதி இருக்கிறது. இயந்திரம் போட்ட மதிப்பெண்ணைக் கையில் வைத்துக்கொண்டு, இப்போது எந்தக் காரணம் சொல்லி மறுக்கிறாய் என்று கேட்கலாம். சாதியை ஒழிக்கிற ஆயுதமாக அதை நான் நினைக்கவில்லை. பொய்க்காரணங்களில் ஒன்றை அது அடைத்துவிடும். தனியார் துறையில் இட ஒதுக்கீடு என்ற நம் கோரிக்கையை அதற்குப் பதிலாக வைக்கவும் கூடாது. இரண்டும் சேர்ந்தே போக வேண்டும். நம் பிள்ளைகளின் பரீட்சைக் கட்டணத்தை அரசே கட்ட வேண்டும், பயிற்சி மையங்களுக்குக் கட்டணக் கட்டுப்பாடும் வேலை உறுதி விளம்பரத்துக்குத் தணிக்கையும் வேண்டும் என்று இயக்கம் கேட்க வேண்டும்.

அதுவரை நாமே செய்யக்கூடியது ஒன்று உண்டு. தனித்தனியாகப் போனால் அறுபதாயிரம். ஐந்து பேர் சேர்ந்து ஒரு படிப்பு வட்டம் அமைத்தால் ஒரு இணைய இணைப்பு, இரண்டு பழைய கம்ப்யூட்டர், வாரத்தில் நாலு ராத்திரி. அம்பேத்கர் மன்றத்தில் கேரம் போர்டு இருக்கும் மேசை போதும். ஏற்கனவே இந்த வேலையில் இருக்கிற நம் அண்ணன் அக்காமார் நகரங்களில் இருக்கிறார்கள். சாதி தெரிந்துவிடுமோ என்று ஊர்ப்பக்கம் வராமல் ஒதுங்கியிருப்பவர்களும் அதில் உண்டு. அவர்களைக் குத்திக்காட்டாமல், மாசத்தில் ஒரு ஞாயிற்றுக்கிழமை வந்து பாடம் எடு என்று கூப்பிடுவோம். வருவார்கள்.

தோட்டைக் கொண்டுவந்த அம்மா அன்று அடகு வைக்கவில்லை. பிள்ளை இப்போது நெட்வொர்க் பாடத்தில் நாலாவது மாசம். வேலை கிடைக்குமா என்பது இனிமேல்தான் தெரியும். ஐ.டி.ல என்ன வேலை என்று கேட்டால் அவளிடம் இப்போது பதில் இருக்கிறது. சேருகிற எல்லாப் பிள்ளைகளும் கவுன்டரில் இந்த நாலு கேள்வியைக் கேட்கட்டும்: பரீட்சை வைப்பது யார்? கட்டணம் யார் தலையில்? நடுவில் விலகினால் பணம் எவ்வளவு திரும்பும்? போன வருஷம் படித்து வேலைக்குப் போன மூன்று பேரை நான் நேரில் பார்க்கலாமா? பதிலை எழுதி வாங்கி, கையெழுத்தும் முத்திரையும் போட்ட பிறகு பையில் இருக்கும் பணத்தைத் தொடட்டும்.